சொந்த வீட்டில் கார் கேரேஜ் கட்டுவது எப்படி? அளவெடுப்பது முதல் ஆர்.சி. (கார் பதிவுச் சான்று) வரை

கேரேஜ் கட்ட ஆசைப்படுகிற கார் பிரியர்களில் பெரும்பாலோர் சுவரின் நிறத்திலிருந்தும் விளக்கிலிருந்தும் தொடங்குகிறார்கள். அவற்றை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றிக்கொள்ளலாம். தரை கான்கிரீட்டின் கனம், கூரையின் உயரம், கதவின் அகலம், தரைக்கு அடியில் போகும் குழாய் ஆகியவற்றை மாற்ற வேண்டுமென்றால் இடிக்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை, பிறகு மாற்ற முடியாதவற்றை முன்னால் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

கோவையில் ஓர் அம்பாசிடருக்கும் அன்றாடம் ஓட்டும் ஒரு காருக்குமாக நான் கேரேஜ் கட்டியபோது, இதையெல்லாம் தமிழில் ஓரிடத்தில் சேர்த்துச் சொன்னவர் யாரும் இல்லை. பொறியாளருக்கு வீடு தெரியும், காரின் தேவை தெரியாது. மெக்கானிக்குக் கார் தெரியும், செட்பேக் (மனையின் ஓரங்களில் கட்டாமல் விட வேண்டிய காலியிடம்) தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

செலவுக் கணக்குகள் நான் கோவையில் விசாரித்தபோது கிடைத்தவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

1. என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அங்கே என்ன நடக்கும் என்று எழுதுங்கள். காரை நிறுத்தித் துடைப்பது மட்டுமா? ஆயில் மாற்றுவது, பிரேக் பிரிப்பது உண்டா? இன்ஜினை இறக்குவீர்களா? வெல்டிங், பெயின்ட் வேலை உண்டா? துடைப்பதோடு சரி என்றால் நல்ல தரையும் வெளிச்சமும் போதும். காரைத் தூக்கி அடியில் வேலை செய்ய ஆசை என்றால் கூரை உயரம், தரைக் கனம், மின் இணைப்பு மூன்றும் மாறிவிடும்.

வீட்டு கேரேஜில் முழுக் காருக்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த ஆவி தீப்பிடிக்கக் கூடியது, நுரையீரலுக்கும் கெடுதி. அதற்கென்று அமைக்கப்பட்ட பூத் உள்ள பட்டறையில் கொடுப்பதே சரி.

2. காரின் கதவைத் திறந்துவைத்து அளவெடுங்கள்

அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், அகலம் சுமார் 1.66 மீட்டர். அதாவது 14 அடிக்குச் சற்று மேல், ஐந்தரை அடி. இதைப் பார்த்து 10 அடி அகலம் போதும் என்று கொத்தனார் சொல்வார். காரை நிறுத்தலாம், உண்மைதான். ஆனால் இரண்டு பக்கக் கதவையும் முழுதாகத் திறக்க, பக்கத்துக்கு 3 அடி வேண்டும். அதுவே பதினொன்றரை அடி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் 2 அடி ஆழத்தில் வேலை மேசை போட்டால் 14 அடி. முன்னால் பானட்டைத் திறந்து நிற்கவும் பின்னால் டிக்கியைத் திறக்கவும் சேர்த்தால் நீளம் 22 அடி. ஒரு காரை வைத்து வேலையும் செய்ய 14-க்கு 22, அதாவது 308 சதுர அடி, நிம்மதியான அளவு. இரண்டு காருக்கு 22-க்கு 22.

உயரத்தை, காரைத் தூக்கும் லிஃப்ட்தான் தீர்மானிக்கிறது. இரண்டு தூண் லிஃப்ட் காரைச் சுமார் 1.8 மீட்டர் தூக்கும். அம்பாசிடரின் உயரம் 1.6 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 3.4 மீட்டர், அதாவது 11 அடிக்கு மேல். உயரமான எஸ்.யு.வி. வைத்திருந்தால் 12 அடியும் தொட்டுக்கொண்டு நிற்கும், 13 அடி வைப்பது நல்லது. நம் வீடுகளில் வழக்கமாக விடும் 10 அடிக்குள் இடுப்பளவு தூக்கும் சிசர் லிஃப்ட் மட்டுமே பொருந்தும். லிஃப்ட் இன்று வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் உயரத்தை இன்றே விட்டுவிடுங்கள். மேலே இன்னொரு தளம் வரும் வீடு என்றால் இதைப் பொறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். படிக்கட்டின் கணக்கே மாறும்.

கதவுத் திறப்பு ஒரு காருக்கு 9 அடிக்குக் குறையக் கூடாது. தெரு குறுகலாக இருந்து காரை வளைத்து உள்ளே விட வேண்டியிருந்தால் 10 அடி வையுங்கள்.

3. காகிதங்கள்

கேரேஜும் கட்டடம்தான். "வெறும் ஷீட் போட்ட கார் ஷெட்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?" என்று சொல்பவரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பிறகு வீட்டை விற்கவோ அடமானக் கடன் வாங்கவோ போகும்போது, வரைபடத்தில் இல்லாத கட்டடத்தைத்தான் வங்கியின் மதிப்பீட்டாளர் முதலில் குறித்துக்கொள்வார்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதுதான் இப்போது நடைமுறையில் உள்ளது. மனையின் அகலம், எதிரே உள்ள சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து முன்னும் பக்கத்திலும் காலியிடம் விட வேண்டும். கேரேஜ் கட்டுபவர்கள் அதிகம் சிக்குவது இந்தப் பக்கக் காலியிடத்தில்தான். காம்பவுண்டுச் சுவரையே கேரேஜின் ஒரு சுவராக்கி, மேலே கூரை போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் முதலில் போவது அந்தக் கூரைதான்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு வழி எளிது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியிலேயே அனுமதி பெறலாம். கேரேஜை வீட்டோடு சேர்த்து அந்த வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். சுயசான்று என்றால் தவறுக்கும் நீங்களே பொறுப்பு. அளவுகள் சரியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வீட்டோடு சேர்த்துக் கட்டுபவர்கள், பழைய அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு பதிவுபெற்ற பொறியாளரிடம் போங்கள். பழைய வரைபடம் தொலைந்திருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் வாங்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள், அதுதான் அதிக நாள் இழுக்கும்.

எடுத்துவைக்க வேண்டியவை: பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி, சொத்து வரி ரசீது, அடையாள ஆவணம், பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். பட்டாவில் உங்கள் பெயரும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றம் முடியாமல் மேலே நகராது. கட்டி முடித்தபின் சொத்து வரி கூடும். அந்த மறுமதிப்பீட்டை நீங்களே கேட்டுப் பெறுவது பிற்காலத்துக்கு நல்லது.

சாய்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மழைநீர் உள்ளே வராமல் இருக்கத் தரையைச் சாலையைவிட உயர்த்துவோம். அந்தச் சாய்வு முழுவதும் உங்கள் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். சாலையிலோ மழைநீர் வடிகால் மீதோ நீட்டிக் கட்டினால் இடித்துவிடுவார்கள். சாலையை மறுபடி போடும்போது மட்டம் ஏறும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

4. தரை: பணத்தை இங்கே போடுங்கள்

கேரேஜில் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்றே ஒன்று என்றால், நான் தரையைத்தான் சொல்வேன்.

கொட்டும் மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். ஒரே நாளில் லாரி மண்ணைக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால் அடுத்த மழைக்குப் பின் தரை உள்வாங்கும். செப்டிக் டேங்க் அல்லது சம்ப் மீது கேரேஜ் வருகிறதென்றால், அதன் மூடி காரைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். லிஃப்ட் அதன்மேல் வரவே கூடாது.

மண் இறுகியதும் கரையான் மருந்து. அதன்மேல் ஜல்லிப் படுக்கை. அதன்மேல் 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு. இந்த விரிப்பைப் பல மேஸ்திரிகள் தேவையில்லை என்பார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுப்பது இதுதான். காரின் அடிப்பாகம் துருப்பிடிப்பதும், எப்பாக்ஸி பூச்சு கொப்பளித்து உரிவதும் இந்த ஈரத்தால்தான். விலையோ மிகக் குறைவு. நேரில் நின்று விரிக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் எம்-25 தரம், 6 அங்குலக் கனம், நடுவில் கம்பி வலை. நிறுத்த மட்டும் என்றால் 4 அங்குலம் போதும், லிஃப்ட் வரும் என்றால் 6 அங்குலத்தில் சமரசம் வேண்டாம். 14-க்கு 22 அடித் தரைக்கு 154 கன அடி, அதாவது சுமார் 4.4 கன மீட்டர் வரும். ரெடிமிக்ஸ் லாரிகள் வழக்கமாக இதைவிட அதிகம் சுமப்பவை என்பதால் குறைந்த அளவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். வீட்டின் வேறு கான்கிரீட் வேலையோடு ஒரே நாளில் வைத்துக்கொண்டால் அது மிச்சமாகும்.

கதவை நோக்கி 100-க்கு 1 என்ற சாய்வு கொடுங்கள். லிஃப்ட் நிற்கும் பகுதி மட்டும் சமமட்டமாக இருக்கட்டும். போட்ட 24 மணி நேரத்துக்குள், கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக் கோடுகள் போட வேண்டும். அப்போது விரிசல் நாம் சொன்ன இடத்தில் வரும். அந்தக் கோடு லிஃப்ட் தூணின் போல்ட்டுகளுக்கு அருகில் வராதபடி முன்கூட்டியே சுண்ணாம்பில் குறித்துவையுங்கள். தண்ணீர் கட்டி இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாட்களுக்கு முன் லிஃப்ட் பொருத்த ஆள் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மேற்பூச்சுக்கு மூன்று வழிகள். பார்க்கிங் டைல்ஸ் பார்க்க அழகு, ஆனால் ஜாக்கி ஸ்டாண்டின் கால் ஒரு சிறு இடத்தில் அழுத்தும்போது, அடியில் கலவை முழுமையாக நிரம்பாத டைல் உடையும். வேலை செய்யும் கேரேஜுக்கு நான் டைல்ஸ் சொல்ல மாட்டேன். மெருகேற்றி, கடினப்படுத்தும் திரவம் பூசிய வெறும் கான்கிரீட் மலிவு, உழைக்கும். எப்பாக்ஸிதான் கனவு கேரேஜின் முகம். எண்ணெய் ஊறாது, சிந்திய நட்டு பளிச்சென்று தெரியும். எனக்குச் சதுர அடிக்கு 50 முதல் 100 ரூபாய் வரை விலை சொன்னார்கள். மலிவாகச் சொன்னவர்கள் தரையை மெஷினால் தேய்க்காமல் நேரடியாக உருளையில் பூசுபவர்கள். அப்படிப் பூசியது, ஓடி வந்த சூடான டயரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும்.

பூசும் முன் ஈரச் சோதனையை நீங்களே செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எப்பாக்ஸி வேலையை வைக்கவே வைக்காதீர்கள். பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம்.

5. மின்சாரம்

தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேல் சுமை போனால் மும்முனை இணைப்பு வாங்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்ட்டின் மோட்டார், கம்ப்ரசர், வெல்டிங் மெஷின், வீட்டு ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் கண்டிப்பாகத் தாண்டும். சுமை உயர்வுக்கு மின்வாரியத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சுவர் எழும்பும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சொந்தக் காரைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்ளும்வரை அது வீட்டு இணைப்புதான். நண்பர்களின் காரைக் காசு வாங்கிப் பழுதுபார்க்கத் தொடங்கினால் வணிகக் கட்டணத்துக்குள் வந்துவிடுவீர்கள். வீட்டு இணைப்பில் அதைச் செய்தால் அபராதம் உண்டு.

வீட்டின் பெட்டியிலிருந்து இழுக்காமல் கேரேஜுக்குத் தனி விநியோகப் பெட்டி வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், ஏனெனில் ஈரத் தரையில் வெறுங்கையோடு கிரைண்டர் பிடிக்கும் இடம் அது. கம்ப்ரசருக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனிச் சுற்று. பிளக்குகளைத் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித்தான் தேங்கும், அங்கே பொறி வரக் கூடாது. வேலை மேசைமேல் நான்கு, எதிர்ச்சுவரில் இரண்டு, கதவருகே வெளியே ஒன்று என்று வைத்தால் நீட்டிப்பு வயர் காலில் சிக்காது. இன்று மின்சாரக் கார் இல்லையென்றாலும் 7.4 கிலோவாட் சார்ஜருக்கான காலிக் குழாயைச் சுவருக்குள் விட்டுவையுங்கள்.

விளக்கைக் காரின் நடுமேலே வைத்தால் கூரைத் தகடு மட்டும் மின்னும், வேலை செய்யும் பக்கங்கள் இருட்டாக இருக்கும். காரின் இரு பக்க ஓரங்களுக்கு நேர்மேலே நீளமான எல்.இ.டி. குழல்கள் வையுங்கள். 5,000 கெல்வின் அளவுள்ள வெளிச்சமும், நிறத்தை உண்மையாகக் காட்டும் சி.ஆர்.ஐ. 90-க்கு மேற்பட்ட விளக்கும் கேளுங்கள். பெயின்டில் உள்ள கீறல் அப்போதுதான் தெரியும்.

6. கதவு, காற்று, எலி

ரோலிங் ஷட்டர்தான் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது, எங்கும் பழுதுபார்க்க ஆள் உண்டு. சுருள் உட்கார மேலே ஒன்றேகால் அடி இடம் விட வேண்டும். மோட்டார் வைத்தால் மின்சாரம் போகும்போது கையால் திறக்கும் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரைத் தவிர ஆள் வெளியேற ஒரு சிறு கதவும் அவசியம்.

காற்றுக்கு எதிரெதிர்ச் சுவர்களில், தரையை ஒட்டி ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாகத் திறப்புகள் விடுங்கள். கீழ்த் திறப்பு பெட்ரோல் ஆவிக்கு, மேல் திறப்பு வெப்பத்துக்கும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்கும். கதவை மூடிவைத்து இன்ஜினை ஓட விடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது ஒரு வயர் கட்டைக் கடித்துப்போட்டால் ஆகும் செலவில் கேரேஜ் முழுவதற்கும் வலை அடித்துவிடலாம். எல்லாத் திறப்புகளுக்கும் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை, ஷட்டரின் அடியில் கனமான ரப்பர் பட்டை. நாய்க்கான தீவனத்தையும் அரிசி மூட்டையையும் கேரேஜில் வைக்கக் கூடாது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

காற்றோட்டமில்லாத இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தி உறை போடுங்கள். கிழக்குக் கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் கருவிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

7. லிஃப்டா, குழியா?

குழி மலிவு. ஆனால் பெட்ரோல் ஆவி இறங்கித் தேங்குவது அங்கேதான், மழைக்காலத்தில் ஊற்றெடுப்பதும் அங்கேதான். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் குழியைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இரண்டு தூண் லிஃப்ட் ஒன்றரை லட்சத்திலிருந்து மேலே போகிறது. கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி: ஏ.டி.எஸ். எல்ஜி போன்ற பட்டறைக் கருவித் தயாரிப்பாளர்கள் உள்ளூரிலேயே இருப்பதால் நேரில் பார்த்து வாங்கலாம். பழைய லிஃப்ட் மலிவாக வந்தால், பாதுகாப்புப் பூட்டு ஒவ்வொரு படியிலும் விழுகிறதா, கம்பி வடம் பிரிந்திருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லாதவர்கள் நல்ல ஜாக்கி ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

8. தீயும் சத்தமும்

6 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே மாட்டுங்கள். உள்சுவரில் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிவரும். பெட்ரோலை விற்பனைக்கு இல்லாமல் உரிய கலனில் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் வீட்டில் 5 லிட்டருக்கு மேல் எதற்கு? பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கலனில் சேர்த்து, முறையாக அப்புறப்படுத்தும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது சட்ட வரம்பு. கம்ப்ரசர் இதை எளிதில் தாண்டும். அதற்கு வெளிப்புறம் சிறு அறை கட்டி, காற்றுக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

9. இப்போது உங்கள் கை வண்ணம்

இதுவரை வந்தவர்கள் தாராளமாக ஆசைப்படலாம்.

தரைக்கு வெளிர்ச் சாம்பல், சுவரில் இடுப்பளவுக்குக் கழுவக்கூடிய அடர்நிறம், மேலே வெள்ளை. வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அடர்நிறம் கிரீஸ் கையை மறைக்கும். கருவிகளைத் தொங்கவிடும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் நிழல் வடிவையும் வரைந்துவிடுங்கள். எது திரும்ப வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும், இன்ஜின் அறைக்குள் மறந்துவிட்டதும் தெரியும்.

அலங்காரம் எல்லா கேரேஜிலும் ஒரே மாதிரி இருப்பது எனக்கு வருத்தம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகையின் நகலை மாட்டுவதைவிட நம்முடைய கார் வரலாறு எவ்வளவோ இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் தயாரான கார். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பழைய பந்தய நிகழ்ச்சி நிரல், எனாமல் விளம்பரப் பலகை, உங்கள் காரின் அசல் கையேடு, அதை முதலில் வாங்கியவரின் புகைப்படம் ஆகியவற்றைச் சட்டமிட்டு மாட்டுங்கள். உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பொறுமையாகத் தேடினால் பழைய டயல், சக்கர மூடி, முகப்பு கிரில் கிடைக்கும். கார்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது, வெளிச்சத்தை எப்படி விழவைப்பது என்று பார்க்க அவிநாசி சாலையில் உள்ள ஜீ.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

அப்பாவோ மாமாவோ வந்தால் உட்கார இரண்டு நாற்காலிக்கு இடம் விடுங்கள். ஆயுத பூஜைக்குக் கருவிகளை அடுக்க வேலை மேசையில் ஒரு முனை காலியாக இருக்கட்டும்.

10. காரின் காகிதமும் காப்பீடும்

கேரேஜ் தயாராகி, காரின் ஆர்.சி. காலாவதியாகிக் கிடப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுக்குப் பின், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுக்கு மேற்பட்டு, பெரிய மாற்றம் செய்யப்படாத காரை, 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்தக் காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு கோயிலுக்கு ஓட்டிப்போக விரும்புபவர்கள் வழக்கமான புதுப்பித்தலையே தொடருங்கள்.

வீட்டுக் காப்பீட்டில், பாரத் க்ருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி கேரேஜ் கட்டடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே நிற்கும் காரைச் சேர்க்காது. அதற்கு மோட்டார் பாலிசிதான். பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதில் தீயும் திருட்டும் வராது. காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு முழுக் காப்பீடு தருகிறார்களா என்று புகைப்படங்களோடும் செலவு ரசீதுகளோடும் போய்க் கேளுங்கள். கருவிகளுக்கும் பட்டியலும் பில்லும் வைத்திருங்கள்.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது கடைசி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தரையில் ஈரம் ஏறுகிறதா, ஷட்டருக்கு அடியில் தண்ணீர் வருகிறதா என்பது நவம்பரில்தான் தெரியும்.